சாய்ந்து நின்ற தாய்மாமன்

குழந்தைக்குக் காது குத்த என்னென்ன வேண்டும்? காது வேண்டும், தோடு வேண்டும், குத்துவதற்கு ஆள் வேண்டும், குழந்தை உட்கார ஒரு தாய்மாமன் மடி வேண்டும். முதல் மூன்றும் ஸ்வாகோப்முண்டில் தயாராக இருந்தன. நாலாவது மட்டும் பாலைவனத்தைச் சுற்றிக்கொண்டு வண்டியில் வந்துகொண்டிருந்தது. அது வந்து சேர்ந்த லட்சணத்தைத்தான் சொல்லப் போகிறேன். நான் அந்தக் காதுகுத்தில் பந்தி பரிமாறியவன். பாதியைக் கண்ணால் பார்த்தேன், மீதியைச் சம்பந்தப்பட்டவர்கள் வாயாலேயே கேட்டேன். அவர்கள் எனக்குச் சொந்தக்காரர்கள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஸ்வாகோப்முண்ட் என்பது நமீபியா நாட்டில், பாலைவனம் நேராக வந்து கடலில் முட்டிக்கொள்கிற இடத்தில் இருக்கும் ஊர். எனக்கும் தனபாலுக்கும் பக்கத்துத் துறைமுகத்தில் வேலை. தனபாலின் மனைவி கோகிலவாணி காங்கேயம் பக்கத்துப் பெண், படு கெட்டிக்காரி. அந்தக் குடும்பத்துக்கென்று இருந்த மொத்த அறிவையும் அவள் ஒருத்தியே மூட்டை கட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டாள் என்பான் தனபால். அவள் வீட்டில் இல்லாத சமயம் பார்த்துத்தான் சொல்வான்.

ஊரில் மிச்சம் இருந்தது நாலு பேர். அப்பா கிட்டுசாமி, தேங்காயை உடைத்துக் காயவைக்கும் கொப்பரைக் களம் வைத்திருப்பவர். அம்மா மயிலாத்தாள். அம்மாவின் அண்ணன் சாமியப்பன், முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், இன்றைக்கும் யாராவது “ரைட்” சொன்னால்தான் வண்டியை எடுப்பார். கடைசியாக கோகிலாவின் தம்பி லோகநாதன். நல்ல பையன், வயது இருபத்தெட்டு, சொன்ன பேச்சைத் தட்டமாட்டான். அவனிடம் இருக்கும் ஒரே குறை அதுதான்.

கோகிலாவின் கல்யாணத்தன்று லோகநாதனுக்கு அம்மை போட்டிருந்தது. தம்பி பக்கத்தில் நிற்காத கல்யாண போட்டோவை அவள் இன்னும் சட்டம் போட்டு மாட்டவில்லை. அதனால் மகள் இளவேனிலுக்குக் காது குத்தினால் தம்பி மடியில் வைத்துத்தான் என்று பிடிவாதமாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள் நல்ல நேரம். காது குத்த ஒப்புக்கொண்ட நர்ஸ் செல்மாவுக்குப் பன்னிரண்டரைக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. அதைவிட்டால் அவள் ஊருக்குப் போய் இரண்டு மாதம் கழித்துத்தான் வருவாள், அதற்குள் ஊரிலிருந்து வரும் நாலு பேரின் விசாவும் முடிந்துவிடும்.

வருகிற சாக்கில் பாலைவனத்தையும் பார்த்துவிட்டு வரட்டும் என்று, விமானம் இறங்கும் தலைநகரிலேயே கூரையில் கூடாரம் கட்டிய பெரிய வண்டி ஒன்றை கோகிலா ஏற்பாடு செய்திருந்தாள். வியாழன் கிளம்பினால் ஞாயிறு காலை வந்துவிடலாம். கிளம்புமுன் வீடியோவில் நாலு பேரையும் வரிசையாக நிற்க வைத்தாள்.

“வண்டிக்காரர் என்ன சொல்றாரோ அதை அப்படியே செய்யுங்க. ஒரு எழுத்துக் கூடவும் கூடாது, ஒரு எழுத்துக் குறையவும் கூடாது. சொந்தமா மட்டும் யோசிச்சுப்போடாதீங்க. போன வருஷம் ஊட்டில பனி மறைக்குதுன்னு மாமா யோசிச்சு, காருக்கு அடியில சுள்ளி மூட்டுனது போதும்.”

“பனி விலகுச்சே சாமி,” என்றார் சாமியப்பன்.

“காரும் விலகுச்சுங் மாமா.”

நாலு பேரும் கையடித்துச் சத்தியம் செய்தார்கள். யோசிக்காமல் இருப்பது அவர்களுக்கு அப்படியொன்றும் சிரமமாக இல்லை.

வண்டி வாடகைக்காரர் பெட்ரஸ் தங்கமான மனுஷன். வழியில் செய்ய வேண்டியது, செய்யக்கூடாதது எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். கோகிலா போனில் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல, மயிலாத்தாள் கைப்பையிலிருந்த ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். இடம் சின்னது. அதனால் விளக்கத்தையெல்லாம் விட்டுவிட்டுக் கட்டளையை மட்டும் எழுதினார்.

முதல் கட்டளை, “பெட்ரோல் பங்க்கைப் பார்த்தால் டேங்கை நிரப்பாமல் போகக்கூடாது.” பாலைவனத்தில் அடுத்த பங்க் எங்கே வரும் என்று தெரியாது, அதற்காகச் சொன்னது. ஊர் எல்லையில் ஒரு பங்க் வந்தது. நிரப்பினார்கள். வண்டி நூறு அடி போயிருக்கும், மயிலாத்தாள் திரும்பிப் பார்த்தார்.

“ஏனுங்ணா, பங்க்கு தெரியுதுங்களே.”

சாமியப்பன் வண்டியைத் திருப்பினார். இரண்டாவது தடவை ஒரு டம்ளர் பெட்ரோல் பிடித்தது. மூன்றாவது தடவை நாலு சொட்டு. ஐந்தாவது தடவை பங்க்காரப் பையன் குழாயை எடுக்கவே இல்லை, கையை மட்டும் ஆட்டினான்.

“இப்படியே போனா ஞாயித்துக்கிழமை இங்கயேதான்,” என்றார் கிட்டுசாமி. “பார்த்தாத்தானுங் மச்சான் நிரப்போணும்? பார்க்காம போயிட்டா?”

“மாப்ளே, இது யோசனை மாதிரி இருக்குது. சத்தியம் பண்ணியிருக்கறோம்.”

“யோசிக்கலீங். தானாத் தோணுச்சு.”

யோசிப்பது வேறு, தோன்றுவது வேறு என்று அங்கேயே ஒருமனதாக முடிவானது. பிறகு நாலு பேரும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். கிட்டுசாமி “ரைட்” சொல்ல, வண்டி புறப்பட்டது. நாலு பேரில் ஓட்டுகிறவரும் உண்டு என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு குப்பைத் தொட்டியோடு போயிற்று, சாமி புண்ணியம்.

தார் ரோடு முடிந்து சரளை ரோடு தொடங்கியதும் ஒரு மஞ்சள் பலகை வந்தது. முறுக்குக் கொம்பு வைத்த மான் ஒன்று துள்ளுவதுபோல் படம். மயிலாத்தாள் பத்திரிகையைப் பார்த்துப் படித்தார். “பலகையில் மிருகம் இருந்தால் நின்று அதற்கு வழிவிட்டுவிட்டுப் போகவும்.”

நின்றார்கள். மான் வரவில்லை.

“படத்துல எந்தப் பக்கம் பார்த்துத் துள்ளுது?” என்றார் சாமியப்பன்.

“வலது பக்கமுங் மாமா,” என்றான் லோகநாதன்.

“அப்ப இடது பக்கமிருந்துதான் வரும். எல்லாரும் இடது பக்கம் பாருங்க.”

முக்கால் மணி நேரம் இடது பக்கம் பார்த்தார்கள். பின்னால் வந்த வெள்ளைக்காரத் தம்பதி வண்டியை நிறுத்தி என்னவென்று கேட்டார்கள். மான் கடக்கப் போகிறது என்று லோகநாதன் இங்கிலீஷில் சொன்னான். அவர்களும் காமிராவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இப்படியே ஆறு வண்டி சேர்ந்துவிட்டது. நடுவில் ஒரு நெருப்புக்கோழி சாவகாசமாக ரோட்டைக் கடந்தது. கிட்டுசாமி “ரைட்” என்றார்.

சாமியப்பன் கியரைத் தொடவில்லை. “கொம்பு எங்க மாப்ளே? அது இதில்லை.”

கடைசியில் மயிலாத்தாளுக்குத்தான் தோன்றியது. லோகநாதன் இறங்கி, இரண்டு கையையும் தலைக்குமேல் கொம்பாக முறுக்கிக்கொண்டு, இடமிருந்து வலமாக மூன்று துள்ளலில் ரோட்டைக் கடந்தான். சாமியப்பன் பலகையையும் பையனையும் மாறி மாறிப் பார்த்துத் திருப்திப்பட்டு வண்டியை எடுத்தார். பின்னால் ஆறு வண்டிக்காரர்களும் கைதட்டினார்களாம். அதில் ஒருவர் அதை போட்டோ எடுத்து எங்கேயோ போட்டு, பிறகு அது என் போனுக்கே வந்தது.

வெள்ளிக்கிழமை மணல் மேடுகளுக்குப் போனார்கள். உலகமெங்கும் இருந்து வந்து அந்தச் சிவப்பு மணலைப் பார்த்து வாயடைத்து நிற்பார்கள், கண்ணீர்கூட விடுவார்கள். கிட்டுசாமியும் உச்சியில் ஏறி நின்று கண்ணீர் விட்டார்.

“என்னப்பா?” என்று பதறினான் லோகநாதன்.

“இத்தன வெயிலு, இத்தன இடம். ஒத்தைக் கொப்பரை காயலையேடா! நம்மூர்ல மழைக்குப் பயந்து தார்ப்பாயைத் தூக்கிட்டு ஓடியே என்ற ஆயுசு போச்சு.” அப்புறம் அவரைக் கீழே இறக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

அன்றைக்கு மேட்டடியில் முகாம். காலையில் எழுந்து ஏணியில் இறங்கினால், கீழே செருப்புகள் வரிசையாக இருந்தன. மயிலாத்தாள் பத்திரிகையைப் புரட்டினார். “செருப்பிலிருந்து தேளைத் தட்டிவிட்டுத்தான் காலை நுழைக்க வேண்டும்.” தட்டினார்கள். ஒன்றும் விழவில்லை.

“தேளைக் காணமுங்களே,” என்றான் லோகநாதன்.

“வரட்டும்,” என்றார் சாமியப்பன். “இப்பத்தானே விடியுது.”

ஒன்பது மணிவரை வெறுங்காலோடு வண்டிப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். மணல் கொதிக்கத் தொடங்கியது. பக்கத்து முகாம்காரர் காப்பி கொண்டுவந்து கொடுத்து, யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். தேளுக்காக என்றதும் காப்பிக் கோப்பையைக்கூடத் திருப்பி வாங்காமல் போய்விட்டார்.

மறுபடி மயிலாத்தாளுக்குத்தான் தோன்றியது. மணலில் ஓடிய ஒரு கறுப்பு வண்டைப் பிடித்து, தேளுக்குப் பதில் செருப்புக்குள் விட்டுத் தட்டினார். அப்புறம் அதே வண்டை அடுத்த செருப்பில் விட்டுத் தட்டினார். எட்டுச் செருப்புக்கும் அந்த ஒரே வண்டுதான். ஏழாவது செருப்பில் அது செத்ததுபோல் படுத்துக்கொண்டு பார்த்தது, மயிலாத்தாள் விடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தபோது, கிட்டுசாமி வேட்டியை உதறினார். கைப்பிடி மணல் கொட்டியது. எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

“பாலைவனத்திலிருந்து எதையும் எடுத்துக்கொண்டு வரக்கூடாது,” என்று படித்தார் மயிலாத்தாள். அவர் கொண்டையிலேயே அரைப்படி மணல் இருந்தது.

சாப்பிடாமல் அறுபது கிலோமீட்டர் திரும்பிப் போனார்கள். வேட்டி மடிப்பு, காது மடல், தலைமுடி, வண்டி மிதியடி எல்லாவற்றையும் தட்டி ஒரு தூக்குப்போசியில் சேர்த்தாயிற்று. ஆனால் எந்த மேட்டு மணல் எது என்பதில் சிக்கல் வந்தது.

“காத்தால ஏறுன மேடு கொஞ்சம் சிவப்பு ஜாஸ்திங் மச்சான்.”

“சாயங்காலம் ஏறுனதும் சிவப்புதான். அடுத்த வீட்டு மண்ணை எடுத்து இன்னொருத்தன் வாசல்ல கொட்டுனா சும்மா விடுவானா மாப்ளே?”

மாலைவரை மணலைச் சலித்து, நிறம் பார்த்து, மேடு மேடாகத் திருப்பிக் கொடுத்தார்கள். திரும்பி இறங்கும்போது செருப்புக்குள் புது மணல் ஏறியதைக் கவனித்தது லோகநாதன் ஒருவன்தான். பாவம், அவனும் பசியில் இருந்தான், வாயைத் திறக்கவில்லை.

இந்தக் கூத்தில் அரைநாள் போய்விட்டது. சனிக்கிழமை இரவுக்குள் கடலோரத்தை நெருங்கியிருக்க வேண்டியவர்கள் பாதி வழியில் தங்கி, ஞாயிறு விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பினார்கள். இங்கே கோகிலா ஐந்து மணிக்கே எழுந்து பட்டுப்புடவை கட்டிவிட்டு, வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

ஆறரை மணிக்கு ஓர் ஆட்டுப் பண்ணை வழியாக ரோடு போயிற்று. குறுக்கே இரும்புக் கேட். அந்தப் பக்கத்து ரோடுகளில் அது சகஜம். நாமே இறங்கித் திறந்து, கடந்து, திரும்ப மூடிவிட்டுப் போக வேண்டும். கேட்டில் ஒரு கழுதை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. விடியல் வெளிச்சத்தில் பார்க்க அழகாக இருந்ததால் மயிலாத்தாள் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

லோகநாதன் கேட்டைத் திறந்தான். தூக்கம் கலைந்த கழுதை அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புதர்ப் பக்கம் நடந்துபோயிற்று. வண்டி கடந்தது. கேட்டை மூடிக் கொண்டி போட்டார்கள். கிட்டுசாமி “ரை...” என்று பாதியில் நிறுத்தினார்.

“மச்சான், பத்திரிகையில கேட்டைப் பத்தி என்னமோ இருந்துச்சுங்களே.”

மயிலாத்தாள் படித்தார். “கேட்டை எப்படிப் பார்த்தோமோ அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டும்.”

நாலு பேரும் இறங்கிக் கேட்டின் முன்னால் நின்றார்கள்.

“கேட்டு இருக்குது. கழுதை இல்லை,” என்றார் சாமியப்பன்.

அடுத்த அரைமணி நேரம் கழுதையைக் கெஞ்சினார்கள். சீர்த் தட்டுக்குக் கொண்டுவந்த தேங்காய் பர்பியைக் காட்டினார்கள். கழுதை நின்று, முழு டப்பாவையும் தின்றுவிட்டு, இன்னும் தூரமாகப் போய்விட்டது. மணி ஏழைத் தாண்டியது.

சாமியப்பன் தொண்டையைக் கனைத்தார். “மானுக்குச் செஞ்ச மாதிரிதான் இதுக்கும் செய்யோணும். யாராச்சும் ஒரு ஆளு சாஞ்சு நிக்கட்டும்.”

“நீங்க நில்லுங்களேன்ணா,” என்றார் மயிலாத்தாள்.

“வண்டியை யாரு ஓட்டறது?”

“அப்ப நான்,” என்றார் கிட்டுசாமி, “ஆனா ரைட்டு யாரு சொல்றது?”

எல்லோரும் லோகநாதனைப் பார்த்தார்கள். மயிலாத்தாளுக்கு மகனை விட்டுப்போக மனசில்லை. இருந்தாலும் உண்மையைச் சொன்னார். “அவன்தானுங்ணா சொன்ன எடத்துல நிப்பான். எட்டாவதுல வாத்தியார் பெஞ்சு மேல ஏறி நில்லுன்னு சொல்லிப்போட்டு மறந்துட்டுப் போயிட்டாரு. பொழுது விழுந்து வாட்ச்மேன்தான் எறக்கிக் கூட்டியாந்தாரு.”

“காதுகுத்து?” என்றான் லோகநாதன் மெல்ல. “மடி நான்தானுங்களே மாமா?”

அந்த இடத்தில்தான் அவர்கள் யோசித்திருக்க வேண்டும். ஆனால் சத்தியம் செய்திருந்தார்களே!

“கழுதை வந்து சாயற வரைக்கும்தான்,” என்று தேற்றினார் சாமியப்பன். “அது சாஞ்ச அடுத்த நிமிஷம் நீ கெளம்பி வந்தர்லாம்.”

எதில் ஏறி வருவது என்று யாரும் கேட்கவில்லை. போட்டோவைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு பையனைச் சரிசெய்தார்கள். வலது தோள் கேட்டில் பட வேண்டும். தலை தொங்க வேண்டும். பின்கால் ஒன்றைக் கொஞ்சம் மடக்க வேண்டும். வெயிலுக்கு மயிலாத்தாள் குடையை நீட்டினார்.

“கழுதை குடை புடிக்கல ஆத்தா,” என்று சாமியப்பன் தடுத்துவிட்டார்.

மயிலாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு தண்ணீர்ப் பாட்டிலை மட்டும் புதருக்கடியில் ஒளித்து வைத்துவிட்டு வண்டியேறினார். “ரைட்” என்றார் கிட்டுசாமி.

பத்தேமுக்காலுக்கு வண்டி எங்கள் தெருவில் நுழைந்தது. கோகிலா ஓடிப்போய் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தாள்.

“தம்பி எங்கம்மா?”

“கேட்டுல சாஞ்சுட்டு இருக்கறாங் கண்ணு.”

நடந்ததை மூன்று பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். ஒரு கட்டளையையும் மீறவில்லை என்பதற்குச் சாட்சியாகப் பத்திரிகையைக் காட்டினார்கள். லோகநாதனுக்கு போன் போட்டுப் பார்த்தால், அந்தப் பகுதியில் சிக்னல் இல்லை. போய்க் கூட்டிவரலாம் என்றால், போக மூன்று மணி, வர மூன்று மணி. கோகிலா வாசற்படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். கல்யாணத்துக்கும் இல்லை, இதற்கும் இல்லை என்று சொல்லிச் சொல்லி அழுதாள். குழந்தையும் சேர்ந்து அழுதது. தனபால் என்னைப் பார்த்தான், நான் தரையைப் பார்த்தேன்.

சாமியப்பனுக்கு மனசு கேட்கவில்லை. “ஏஞ்சாமி அழுகறே? தாய்மாமன் மடிதானே வேணும்? நான் ஒருத்தன் இருக்கறனே!”

“நீங்க எனக்குத் தாய்மாமனுங் மாமா. குழந்தைக்கில்லை.”

“செரி, அப்ப உனக்கே இன்னொருக்கா குத்திப்போடலாம். நேரம் வீணாப் போகாதுல்ல?”

செல்மாவுக்கு இதைத் தனபால் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, கையுறையைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

பதினொன்று முப்பத்தெட்டு. தெருமுனையில் ஒரு பழைய பிக்கப் வண்டி திரும்பியது. அதன் பின்தட்டில் ஓர் இரும்புக் கேட்டை நிமிர்த்திக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. கேட்டில் வலது தோளைச் சாய்த்து, தலையைத் தொங்கப் போட்டு, ஒரு காலை லேசாக மடக்கிக்கொண்டு லோகநாதன் நின்றிருந்தான்.

ஓட்டிவந்த பெரியவர் இறங்கித் தொப்பியைக் கழற்றினார். பெயர் யாக்கோபுஸ், அந்தப் பண்ணை அவருடையது. எட்டு மணிக்கு ஆடுகளை மேய்க்க வந்தவர், கேட்டில் ஒரு மனிதன் சாய்ந்திருப்பதைப் பார்த்து யார் என்று கேட்டிருக்கிறார். “இப்போதைக்குக் கழுதை” என்று பதில் வந்திருக்கிறது. கேட்டைத் திறந்தால் அதோடு சாய்ந்தபடியே நடந்து வந்தான். மூடினால் சாய்ந்தபடியே நடந்து போனான். காதுகுத்து விஷயத்தைச் சொல்லிக் கண்ணீர் விட்டான், ஆனால் நகர மாட்டேன் என்றான். பெரியவர் போய்க் கழுதையைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார். கழுதை தன் இடத்தில் வேறு ஆள் நிற்பதைப் பார்த்துச் சாய மறுத்துவிட்டது. அது சாய்ந்தால்தான் இவன் நகர்வான், இவன் நகர்ந்தால்தான் அது சாயும். பெரியவர் கொஞ்ச நேரம் குழாயில் புகையிலை அடைத்துப் பிடித்துவிட்டு, ஸ்பானரை எடுத்துக் கேட்டைக் கழற்றிவிட்டார்.

கோகிலா பின்தட்டில் ஏறித் தம்பியைக் கட்டிக்கொண்டாள். அவன் சாய்ந்தபடியே சிரித்தான். நாங்கள் ஆறு பேர் கேட்டைப் பிடித்து இறக்க, அவனும் கூடவே இறங்கிக் கூடத்துக்கு வந்தான். குழந்தையைக் கொண்டுவந்தார்கள்.

“உக்காருடா தம்பி.”

“கழுதை நின்னுட்டுத்தானுங்கக்கா இருந்துச்சு.”

“நியாயந்தான்,” என்றார் கிட்டுசாமி. “நிக்கற கழுதைக்கு மடி ஏது?”

மணி பதினொன்று நாற்பத்தாறு. கோகிலா தம்பியைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், கேட்டைப் பார்த்தாள். அத்தனை வருஷம் கட்டிக் காத்த அறிவைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

“கேட்டைத் தரையில படுக்க வைங்க!”

படுக்க வைத்தோம். கேட் சாயச் சாய லோகநாதனும் அதை விடாமல் சாய்ந்துகொண்டே போய்க் கடைசியில் கம்பிகளின் மேல் மல்லாந்து கிடந்தான். சாமியப்பன் குனிந்து பார்த்து, தோள் கேட்டில் படுகிறது என்று ஒப்புதல் கொடுத்தார். தலைக்கு இரண்டு தலையணை வைத்து, முழங்காலை மடக்கிவிட்டதும் நல்ல மடி ஒன்று கிடைத்தது. இளவேனிலை அதில் உட்கார்த்தினோம். செல்மா குத்தினாள். குழந்தை வீறிட்டது, லோகநாதன் அதைவிடப் பலமாக வீறிட்டான். மணி பதினொன்று ஐம்பத்தைந்து. தனபால் போட்டோ எடுத்தான். அந்த போட்டோவை இன்றைக்கும் அவர்கள் கூடத்தில் பார்க்கலாம், சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள்.

பிறகு பந்தி. யாக்கோபுஸ் பெரியவரை நடுவில் உட்கார வைத்து இலை போட்டோம். வடையை ரசித்துச் சாப்பிட்டார், பாயசம் மூன்று தடவை வாங்கினார். எல்லோருக்கும் மனசு நிறைந்திருந்தது. கேட் தரையிலேயே கிடக்க, லோகநாதன் முழங்கையை மட்டும் அதில் ஊன்றிக்கொண்டு சாப்பிட்டான்.

கிட்டுசாமிதான் கேட்டார். “ஏனுங் மாப்ளே, அந்தய்யாகிட்டக் கேளுங்க. கேட்டைக் கழட்டிட்டு வந்துட்டாரே, ஆடெல்லாம் வெளிய போயிராதுங்களா?”

தனபால் கேட்டுச் சொன்னான். பெரியவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. விளையாட்டுக்குச் சொன்னாரா, மூன்று மணி நேரம் லோகநாதனோடு பயணம் செய்ததில் அவருக்கும் ஒட்டிக்கொண்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“கவலைப்பட வேண்டாமாம்,” என்றான் தனபால். “கேட் இருந்த இடத்துல கழுதையைக் குறுக்கே நிறுத்தி, இந்தப் பக்கம் ஒரு கயிறு, அந்தப் பக்கம் ஒரு கயிறு கட்டிட்டு வந்திருக்காராம்.”

நாலு பேரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். சாமியப்பன் கையிலிருந்த வடையை இலையில் வைத்தார்.

“அப்ப இன்னைக்குக் கழுதைதான் கேட்டு.”

“ஆமாங் மச்சான்.”

“நாம பாக்கறப்போ கேட்டு வெறுமனே இருந்துச்சா மாப்ளே?”

“இல்லீங்.” கிட்டுசாமியின் முகம் வாடியது. “அது மேல ஒண்ணு சாஞ்சுட்டு இருந்துச்சுங்.”

லோகநாதன் மிச்சப் பாயசத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து கைகழுவினான். சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு, பெரியவரின் பிக்கப்பின் பின்தட்டில் ஏறி நின்றவன், ஒரு சந்தேகம் வந்து திரும்பிப் பார்த்தான்.

“ஏனுங் மாமா, சாயறது தலைப் பக்கமுங்களா, வால் பக்கமுங்களா?”